பின் பிரேக் சீக்கிரமே தேய்ந்துவிட்டது: பேட் மட்டும் மாற்றுவதா, டிஸ்க்கும் சேர்த்தா, காலிப்பர் வரை போவதா?

முன் பேட் பாதிக்கு மேல் இருக்கிறது, பின் பேட் முடிந்துவிட்டது, பேட்டோடு டிஸ்க்கும் மாற்றச் சொல்கிறார்கள், வண்டி இன்னும் 30 ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, இது நியாயமா? வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் இந்த ரகம் கூடிக்கொண்டே போகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள செடான் வைத்திருப்பவர்கள்: ஆக்டேவியா, ஆல்டிஸ், சிவிக், புது வெர்னாவின் டர்போ மாடல் மாதிரி. டிசையர், அமேஸ் போல பின்னால் டிரம் உள்ள வண்டிக்காரர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. அது வேறு கதை. புதியவர்களுக்கு ஒரு வரி: சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டு டிஸ்க், அதை இருபுறமும் அழுத்தி உராயும் கட்டைகள் பேட், பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி காலிப்பர்.

எஸ்டிமேட்டைப் பார்த்ததும் ஏமாற்று வேலை என்று முடிவுகட்ட வேண்டாம். முன் பிரேக்தான் முதலில் தேயும் என்பது நாம் கேட்டுப் பழகிய கணக்கு. அழுத்திப் பிரேக் பிடித்தால் எடை முன்பக்கம் சாய்கிறது, வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்கள் பார்க்கின்றன. அந்தக் கணக்கு இன்றும் பொய்யில்லை. ஆனால் ஊருக்குள் நாம் பிடிப்பதில் முக்கால்வாசி லேசாக மிதிக்கும் பிரேக்தான். பழைய வண்டிகளில் பின் சக்கரம் முந்திக்கொண்டு பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பின்னால் போகும் அழுத்தத்தை ஒரு வால்வு குறைத்தே வைத்திருந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோடு, பிரேக் விசையை முன்னும் பின்னும் பங்கிடும் ஈபிடியும் வந்த பிறகு அந்தக் காவல் வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரியும்வரை பின்பக்கத்துக்குத் தாராளமாகவே பங்கு கொடுக்க அதனால் முடியும். வண்டி மூக்கைக் குத்தாமல் நிதானமாக நிற்கும். விலையைப் பின் பேட் கொடுக்கும். போதாக்குறைக்கு, வளைவில் வண்டி வழிவிலகாமல் பிடித்து நிறுத்தும் ஈஎஸ்சியும் அவ்வப்போது பின் பிரேக்கை அதுவாகவே தொடுகிறது. பின் பேட்டோ முன் பேட்டைவிடச் சிறியது, மெல்லியது.

இடையில் ஒன்று. ஆட்டோ ஹோல்டு (நின்ற வண்டியை, காலை எடுத்த பிறகும் பிரேக்கில் பிடித்துவைக்கும் வசதி) பேட்டைத் தின்கிறது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. சிக்னலில் நிற்கிற சக்கரம் சுற்றவே இல்லை. சுற்றாத டிஸ்க்கில் பேட் எப்படித் தேயும்? கைபிரேக்கைப் பாதி இறக்கியபடி ஓட்டினால்தான் தேயும்.

ஆக, பின் பேட் முதலில் போவது இயல்பாகவும் இருக்கலாம், பழுதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எதை மாற்றினாலும் பாதிக் காசு வீண்.

எதை வைத்து முடிவெடுப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயம். முதலாவதும் மற்ற மூன்றையும்விட முக்கியமானதும்: செய்யப்போகும் வேலையால் தேய்ந்ததற்கான காரணம் தீருமா? இரண்டாவது, அளவு. பேட்டில் உராயும் பகுதி 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் பேட் வாங்கி வையுங்கள், 2 மி.மீ. என்றால் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க்குக்குக் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும். மூன்றாவது, பில் தொகையை அப்படியே பார்க்காமல் கிலோமீட்டருக்கு என்ன விழுகிறது என்று பார்ப்பது. நான்காவது, அதைச் செய்யப்போகும் கையும் கருவியும். பின் பிரேக்கில் கைபிரேக்கும் சேர்ந்திருப்பதால், முன் பிரேக்கைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிற மெக்கானிக்கும் பின்னால் தடுக்கி விழுவது உண்டு.

முதலில் பழைய பேட்களைப் படியுங்கள்

கழற்றிய நான்கு பின் பேட்களையும் தரையில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள்: இடது வெளிப்பேட், இடது உள்பேட், வலது உள்பேட், வலது வெளிப்பேட். எது எங்கிருந்து வந்தது என்று சாக்பீஸால் எழுதிவிட வேண்டும், குவியலாகப் போட்டால் தடயம் போய்விடும். ஷோரூம் சர்வீஸில் உள்ளே விடமாட்டார்கள் என்றால், பழைய பேட்களை டிக்கியில் போட்டுத் தரும்படியும், கழற்றும்போது போட்டோ எடுக்கும்படியும் முன்கூட்டியே கேளுங்கள். கீழே அட்டவணையில் வரும் பிஸ்டன் என்பது காலிப்பருக்குள் இருந்து பேட்டைத் தள்ளும் உருளை, ஸ்லைடர் காலிப்பர் நகரும் தண்டு, பிராக்கெட் பேட் உட்காரும் சட்டம், ஹோஸ் பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாய். நான்கு வழிகளும் அட்டவணைக்குப் பிறகு ஒவ்வொன்றாக வருகின்றன.

| பேட்கள் காட்டுவது | பெரும்பாலும் காரணம் | எங்கே தொடங்கலாம் |
|---|---|---|
| நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு | பழுது இல்லை. வண்டியின் அமைப்பு, ஓட்டும் விதம், பேட்டின் கலவை | வழி 1 அல்லது 2 |
| உள்பேட் மட்டும் மிகவும் மெலிந்தது | ஸ்லைடர் இறுக்கம், அல்லது பிஸ்டன் சரியாகத் திரும்பவில்லை | வழி 2, தீராவிட்டால் 4 |
| வெளிப்பேட் மட்டும் மிகவும் மெலிந்தது | ஸ்லைடர் இறுகி, காலிப்பர் விலகிப் போகவில்லை | வழி 2 |
| ஒரே பேட் ஆப்பு போல ஒருபக்கம் சரிந்து தேய்ந்தது | ஸ்லைடர் தேய்வு, பிராக்கெட்டில் துரு | வழி 2 |
| ஒரு சக்கரத்தின் இரண்டு பேட்டும் போய், அடுத்த சக்கரம் நன்றாக இருக்கிறது | கைபிரேக் லீவர் அல்லது கேபிள், பிஸ்டன், ஹோஸ் | வழி 4 |

உள்பேட்டுக்கும் வெளிப்பேட்டுக்கும் ஒரு மி.மீ. வித்தியாசம் இருந்தால் பதற வேண்டாம். ஒன்று பாதி இருக்க இன்னொன்று இரும்பைத் தொட்டிருந்தால்தான் கவலை.

வழி 1: பேட் மட்டும்

நான்கும் சமமாகத் தேய்ந்திருக்கிறது, டிஸ்க் வழவழப்பாக இருக்கிறது, பிரேக் பிடித்தால் அதிர்வு இல்லை என்றால் இது போதும். இன்னும் ஆறு மாதத்தில் வண்டியை விற்கப் போகிறவருக்கும் இதுவே. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடாது. இடது வலது இரண்டும் சேர்த்தே.

மறைந்திருக்கும் செலவு பேட்டில் இல்லை, கையில் இருக்கிறது. முன் காலிப்பரின் பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ளிவிடலாம். கேபிள் கைபிரேக் உள்ள பின் காலிப்பரில் பிஸ்டன் பெரும்பாலும் திருகு மரையில் இருக்கும். சுற்றிக்கொண்டே உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே இருக்கும் மரை போய்விடும், 'பேட் மட்டும்' என்று ஆரம்பித்த வேலை காலிப்பரில் போய் நிற்கும். பட்டன் கைபிரேக் வண்டி என்றால் ஸ்கேனர் மாட்டி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகே பிஸ்டனைத் தொடலாம். உங்கள் மெக்கானிக் அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், "ஸ்கேனர் இருக்கா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் போகட்டும்.

வழி 2: பேட்டும், ஸ்லைடர் சர்வீஸும்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எஸ்டிமேட்டில் அதிகம் காணாமல் போவதும் இதுதான்.

பின் காலிப்பர் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வினாலும் பிஸ்டன் இருப்பது உள்பக்கம் மட்டும். பிஸ்டன் உள்பேட்டைத் தள்ளும்; அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் உள்பக்கம் நகர்ந்து வெளிப்பேட்டை இழுத்துக்கொண்டு வரும். அந்த நகர்வு நடப்பது இரண்டு எஃகுத் தண்டுகளின் மேல். அவைதான் ஸ்லைடர்கள். அவை இறுகிப்போனால் ஒரு பேட்டே எல்லா வேலையும் பார்க்கும், அல்லது பிரேக்கை விட்ட பிறகும் ஒரு பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும்.

நல்ல ஸ்லைடர் விரலால் தள்ளினால் உள்ளே போய், உள்ளிருக்கும் காற்றால் கொஞ்சம் திரும்பி வரும். கெட்டதை வெளியே எடுக்கவே பிளையர் வேண்டும். எடுத்துப் பார்த்தால் கிரீஸ் இருந்த இடத்தில் மெழுகு மாதிரி காய்ந்த பழுப்புப் படலம், நடுவில் துருவின் புள்ளிகள், ஸ்லைடரை மூடும் ரப்பர் உறையின் ('பூட்') மடிப்பில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். அந்தக் கிழிசல் வழியாகத்தான் மழைத் தண்ணீர் போயிருக்கும். ஈசிஆர் ஓரத்திலோ தூத்துக்குடியிலோ நிற்கும் வண்டி என்றால் உப்புக்காற்றும் சேரும். அடுத்தது பிராக்கெட். பேட்டின் இரண்டு காதுகளும் உட்காரும் பள்ளத்தில் ஒரு மெல்லிய ஸ்டீல் கிளிப் இருக்கும். கிளிப்புக்கு அடியில் துரு ஏறினால் அது கிளிப்பை மேலே தூக்கும், பேட் நகர முடியாமல் சிக்கிக்கொள்ளும். புது பேட்டைப் பள்ளத்தில் வைத்துக் கையால் நகர்த்தினாலே போய்வர வேண்டும். சுத்தியலால் தட்டி உட்கார வைத்தார்கள் என்றால் அந்த பேட்டும் சீக்கிரமே போகும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலைக்குப் பெரிய செலவில்லை: சக்கரத்துக்கு இரண்டு பூட், கிளிப் செட், கொஞ்சம் கிரீஸ், கூடுதலாக ஒரு மணி நேரம். கிரீஸில் மட்டும் கவனம். ரப்பரோடு ஒத்துப்போகும் பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும், சிலிக்கான் வகை நல்லது. டப்பாவில் இருக்கும் சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதி, ஸ்லைடர் முன்பைவிட மோசமாக இறுகும்.

'பிரேக் கிளீனிங்' என்று பில்லில் ஒரு வரி இருக்கிறதே, அது இதுதானே என்று கேட்பார்கள். பல இடங்களில் அது ஸ்பிரே அடித்துக் காற்று பிடிப்பதோடு சரி. "ஸ்லைடரைக் கழற்றினீர்களா, பூட் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். கழற்றியவருக்குப் பதில் சட்டென்று வரும்.

வழி 3: பேட்டோடு டிஸ்க்கும்

தேவையில்லாமல் அதிகம் விற்கப்படுவது இதுதான் என்பது என் எண்ணம். சில சமயம் உண்மையிலேயே தேவைப்படும். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "டிஸ்க் தடிமன் எவ்வளவு அளந்தீர்கள்?" பல செடான்களில் பின் டிஸ்க் புதிதில் 9 அல்லது 10 மி.மீ., குறைந்தபட்சம் 8. மைக்ரோமீட்டரில் அளந்து 8.2 என்று சொன்னால் மாற்றுங்கள். அடுத்த பேட் முடிவதற்குள் அது எல்லையைத் தாண்டிவிடும். 9.3 என்றால் எதற்கு? அளக்கவே இல்லை என்றால் அந்த எஸ்டிமேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஓரத்தில் விளிம்பு கட்டியிருக்கிறது என்று விரலால் தடவிக் காட்டுவார்கள். கொஞ்சம் விளிம்பு எல்லா டிஸ்க்கிலும் வரும், அது அளவாகாது.

அளவு சரியாக இருந்தும் மாற்ற வேண்டிய இடங்கள் உண்டு: பேட் முழுவதும் போய் இரும்பு உரசி விழுந்த ஆழமான கோடுகள், வெப்பத்தால் வந்த வெடிப்பு, மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேட் இருந்த இடம் மட்டும் அரித்துப்போன துரு. ஒரு மழைக்குப் பிறகு காலையில் தெரியும் செம்மண் நிறத் துரு இந்தக் கணக்கில் வராது. நாலு பிரேக் பிடித்தால் போய்விடும்.

லேத்தில் கொடுத்துச் சமன் செய்யலாமே என்பவர்களுக்கு: முன் டிஸ்க்கில் செய்யலாம், தடிமன் இருக்கிறது. பின் டிஸ்க் மெல்லிசு. மொத்தம் தேயக் கிடைப்பதே ஒன்று இரண்டு மி.மீ., அதில் பாதியை லேத்துக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன? நல்ல தடிமன் இருந்து, லேசான அதிர்வு மட்டும் என்றால் பார்க்கலாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு வண்டியைப் பொறுத்தது. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறிய ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை வழுக்கும், டிரில் போட வேண்டி வரும். சில பிரெஞ்சு வண்டிகளில் பின் டிஸ்க்கும் வீல் பேரிங்கும் ஒரே துண்டு. டிஸ்க் என்று சொன்னால் பேரிங் விலையும் சேர்ந்தே வரும்.

வழி 4: காலிப்பர்

ஒரு சக்கரம் மட்டும் தின்றுகொண்டே போகிறது என்றால் பேட், டிஸ்க் எதை மாற்றினாலும் மறுபடி அதே கதைதான். ஆனால் நேராகக் காலிப்பருக்குப் போவதற்கு முன் மூன்று சோதனை.

பத்து கிலோமீட்டர் போல, முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டிவிட்டு வந்து, இரண்டு பின் சக்கரத்தின் டிஸ்க் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். கருவி இல்லையென்றால் வீல் அருகே கையைக் கொண்டுபோனாலே தெரியும், டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் தகித்தால் அங்கே பிரேக் விடவில்லை. பிறகு ஜாக்கியில் ஏற்றி, கைபிரேக்கை முழுவதும் இறக்கிவிட்டு, காலிப்பரின் பின்னால் கேபிள் மாட்டியிருக்கும் லீவர் தன் நிறுத்தம்வரை திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பவில்லையென்றால் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உடனே லீவர் திரும்பினால் பழுது கேபிளில், காலிப்பரில் இல்லை. மூன்றாவது, சக்கரம் இறுகியிருக்கும்போது காற்றெடுக்கும் நிப்பிளைத் திறந்து பார்ப்பது. சக்கரம் விட்டுக்கொடுத்தால் உள்ளே எண்ணெய் அழுத்தம் மாட்டியிருந்தது என்று பொருள். பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதி அடைத்திருக்கலாம். காலிப்பரின் விலையோடு பார்த்தால் ஹோஸ் ஒன்றுமே இல்லை.

இதையெல்லாம் தாண்டியும் பிஸ்டன் திரும்பவில்லை என்றால் காலிப்பர்தான். பிஸ்டன் சுவரில் துருக்குழி இல்லாவிட்டால் சீல் கிட் போட்டு ஓவராலிங் செய்யலாம். குழி இருந்தாலோ, லீவர் தண்டு வழியாக எண்ணெய் கசிந்தாலோ புதியது. சென்னைக்காரர்கள் புதுப்பேட்டை பக்கம் ஒரு நடை போய் பழையது எடுத்து வருவார்கள். மற்ற பாகங்களுக்கு நானும் குறை சொல்ல மாட்டேன், பிரேக்குக்கு வேண்டாம். எடுத்தே தீருவேன் என்றால் சீல் கிட் போடாமல் மாட்டாதீர்கள். காலிப்பரை ஜோடியாக மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. பேட் மட்டும் ஜோடியாக இருக்க வேண்டும்.

பிரேக் ஆயில் முழுவதும் மாற்றிக் காற்றெடுக்கும் செலவையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எப்படியும் மாற்ற வேண்டியதே. அந்த ஈரம்தான் பிஸ்டனில் துரு ஏற்றும் காரணங்களில் ஒன்று.

காசுக் கணக்கு

விலை வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பேட்டும் கூலியும் 3,000 ரூபாய், 25,000 கி.மீ. வருகிறது என்றால் கிலோமீட்டருக்கு 12 காசு. ஸ்லைடர் சர்வீஸுக்கு இன்னொரு 800 கொடுத்து அதே பேட் 40,000 வந்தால் 9.5 காசு. ஒவ்வொரு 25,000 கி.மீ.க்கும் அந்த 3,000 போக இன்னொரு 8,000 ரூபாய்க்கு டிஸ்க்கும் சேர்த்து மாற்றிக்கொண்டே இருந்தால் 44 காசு. உங்கள் எஸ்டிமேட் தொகையை இதில் போட்டுப் பாருங்கள், எந்த வரி கனக்கிறது என்று தெரியும்.

பேட் எந்தக் கம்பெனி என்பது எல்லா வழிக்கும் பொது. வண்டிக் கம்பெனி தன் பெட்டியில் விற்கும் பேட்டை அதுவே செய்வதில்லை. சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்ற சப்ளையர்கள் வண்டிக் கம்பெனிகளுக்கும் கொடுக்கிறார்கள், தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். அந்தப் பெயர்களில் வாங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. கலவை மட்டும் அச்சாக ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெயரில்லாத மலிவுப் பெட்டியைத் தொடாதீர்கள். இரும்பு அதிகம் கலந்த பேட் சூட்டைத் தாங்கும், டிஸ்க்கைத் தின்னும்; செராமிக் வகை சத்தமும் தூசியும் குறைவு, விலை அதிகம். ஊருக்குள் ஓடும் குடும்ப வண்டியின் பின் சக்கரத்துக்கு இரண்டாவது வகை பொருந்தும்.

வாரன்டி உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பேட் தேயும் பொருள், வாரன்டியில் வராது என்பார்கள், அது சரிதான். இறுகிய காலிப்பர் அப்படியல்ல, அது பாகத்தின் பழுது. "பேட் சீக்கிரம் போய்விட்டது" என்று சொன்னால் உங்கள் ஓட்டும் விதத்தைப் பற்றிப் பாடம் நடக்கும். "வலது உள்பேட் 2, வெளிப்பேட் 7, இதோ போட்டோ" என்று சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தேய்ந்தால்

ஸ்லைடர் வழுக்குகிறது, லீவர் திரும்புகிறது, நான்கு பேட்டும் சமமாகவே போகிறது, ஆனாலும் 25 ஆயிரத்தில் முடிந்துவிடுகிறது என்றால் வண்டியின் அமைப்பே அப்படி இருக்கலாம். அமெரிக்காவில் 2008 ஹோண்டா அக்கார்டில் இது பெரிய விவகாரமானது. பின் சக்கரங்களுக்கு அளவுக்கு மீறிய பிரேக் விசை போவதால் பின் பேட் அகாலத்தில் தேய்கிறது என்று உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் சமரசம் ஆனது. 2008 முதல் 2010 வரையிலான அக்கார்டும், அதன் உடன்பிறப்பான அக்யூரா டிஎஸ்எக்ஸின் 2009, 2010 மாடல்களும் அதில் அடங்கின. பின் பிரேக்குக்குச் செலவழித்தவர்களுக்கு அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. வேறு கலவையில் மாற்றிய பின் பேட்களும் வந்தன. அதாவது மாறியது பேட்தான், டிஸ்க்கோ காலிப்பரோ அல்ல.

அப்படிப்பட்ட வண்டி உங்களுடையது என்றால் 3, 4ஆம் வழிகளுக்குக் காசு ஒதுக்க வேண்டாம். கலவையை மாற்றிப் பாருங்கள், ஒவ்வொரு சர்வீஸிலும் பேட் அளவை எழுதி வாங்குங்கள். கொடைக்கானல், ஊட்டி இறக்கத்தில் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். புது பேட் போட்டதும் முதல் 200, 300 கி.மீ.க்கு அவசரம் வந்தாலொழிய அழுத்திப் பிடிப்பதைத் தவிர்த்து, மிதமாகப் பல முறை பிடித்து டிஸ்க்கோடு பழக்குங்கள்.